இளநீரில் செல் இருக்கிறதா?

திற்பரப்பு மாணவி
18 மே 2024, மாலை 5.40

பதினொன்றாம் வகுப்புக்குப் போகப் போகிறேன். அக்காவின் பழைய உயிரியல் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உயிருள்ளவை எல்லாம் செல்களால் ஆனவை என்கிறது செல் பாடம். இன்று வீட்டில் இளநீர் வெட்டினார்கள். தேங்காய் உயிருள்ளதுதானே, அதற்குள் இருக்கும் தண்ணீரில் செல் சுவர் எங்கே? அது வெறும் தண்ணீர் என்றால் அதே இடத்தில் வழுக்கை எப்படி வருகிறது?

வேளிமலை
18 மே 2024, இரவு 8.15

செல் சுவர் இல்லை. ஆனால் வெறும் தண்ணீரும் இல்லை.

தென்னம்பூவில் மகரந்தம் சேர்ந்தபின் இரண்டு கருவுறுதல்கள் நடக்கின்றன. ஓர் ஆண் உட்கரு முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று சூலின் நடுவே இருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்கிறது. தென்னையின் சாதாரண செல்லில் 32 குரோமோசோம்கள், கருவிலும் 32. மூன்று உட்கருக்கள் கூடிய இரண்டாவதில் 48. கருவுக்கு உணவாகும் கருவூண் திசு தொடங்குவது இதிலிருந்துதான். நீ குடித்த நீர், சுரண்டித் தின்ற வழுக்கை, செக்குக்குப் போகும் கொப்பரை எல்லாம் இந்த 48-இன் வழி வந்தவை.

அந்த ஓர் உட்கரு இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் சுவர் எழ வேண்டிய இடத்தில் சுவர் எழுவதில்லை. குரும்பை ஐந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும்போது உள்ளே தெளிந்த நீர்தான் தெரியும். பத்து சென்டிமீட்டர் ஆகும்போது அந்த நீரில் சிறிதும் பெரிதுமாக உட்கருக்கள் மிதக்கின்றன. அதன் பிறகு சில உட்கருக்களை உள்ளடக்கிய தனிச் செல்களும் தோன்றுகின்றன. இவையெல்லாம் மெல்ல ஓட்டின் உட்பக்கமாக ஒதுங்கிப் படிகின்றன, சுவர் பெறுகின்றன, அடுக்குகளாகின்றன. அதுதான் வழுக்கை. குடும்பங்கள் முதலில் வந்து குடியேறிவிட, அறைகளுக்கான சுவர் பிறகு எழுப்பப்படுவது போன்ற ஏற்பாடு.

உன் கேள்வியில் உண்மையான பிடி இருக்கிறது. உட்கரு பிரிவது ஒரு வேலை, செல் பிரிவது இன்னொரு வேலை. பாடப் படத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று உடனே தொடர்வதால் ஒரே வேலையாகத் தெரிகின்றன. தேங்காய் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது.

வேளிமலை
18 மே 2024, இரவு 9.50

இதையும் சேர்த்துக்கொள். முற்றிய தேங்காயின் நீரில் மிதக்கும் உட்கருவும் இல்லை, செல்லும் இல்லை. எல்லாம் பருப்புக்குள் போய்விட்டன. கடையில் விற்கும் இளநீர் இரண்டுக்கும் இடைப்பட்ட பருவம். எனவே ‘இளநீரில் செல் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு, காயின் வயதைச் சொல்லாமல் ஒரே பதில் கிடையாது.

நுங்கும் இதே வழிதான். இப்போது பருவம், தக்கலைச் சந்தைப் பக்கம் குவித்து வைத்திருப்பார்கள். இளம் நுங்கில் நீரும் கூழும் சேர்ந்து இருக்கும். அது சுவர் எழுந்துகொண்டிருக்கும் நேரம்.

பேச்சிப்பாறைக்காரன்
20 மே 2024, காலை 11.05

டீச்சர், அப்படியானால் ரப்பர் பால் எந்தக் கணக்கில் வரும்? அது மரத்தின் கழிவு, மரத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

வேளிமலை
20 மே 2024, இரவு 10.30

கழிவு இல்லை அண்ணாச்சி. சிரட்டையில் நீங்கள் பிடிப்பது உயிருள்ள செல்லின் சைட்டோபிளாசம், அதாவது செல்லுக்குள் உட்கருவைச் சூழ்ந்திருக்கும் கூழ். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் வீடுகளின் அடுப்பு எரிவது அந்தச் சைட்டோபிளாசத்தால் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பட்டைக்குள், மரக்கட்டையை ஒட்டி, கேம்பியம் என்ற மெல்லிய ஆக்குத்திசு அடுக்கு இருக்கிறது. அது ஓயாமல் பிரிந்து உட்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டைத் திசுவையும் தருகிறது. வெளிப்பக்கம் வரும் செல்களில் சில வரிசைகள் பால் செல்களாக மாறுகின்றன. தொடக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர் உண்டு. பிறகு அடுத்தடுத்த செல்களுக்கு நடுவே உள்ள சுவர்கள் கரைந்து துளைபடுகின்றன. பக்கத்து வரிசைகளோடும் வழி திறக்கிறது. கடைசியில் மரத்தைச் சுற்றி ஒரே வலையாக இணைந்த குழாய்கள், உள்ளே எல்லாருக்கும் பொதுவான சைட்டோபிளாசம்.

அந்தப் பாலில் ரப்பர் துகள்கள் 30 முதல் 40 சதவீதம். மற்றவற்றைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ரைபோசோம்கள் இருக்கின்றன. கணிக வகையைச் சேர்ந்த மஞ்சள் நிறத் துகள்கள் இருக்கின்றன. லுட்டாய்டு எனப்படும் சவ்வுப் பைகள் இருக்கின்றன. இவை சிறிய நுண்குமிழ்கள், உள்ளே அமிலத்தன்மை. உட்கருக்கள் பெரும்பாலும் குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன, பாலோடு போவதில்லை. மரம் மறுபடி பால் உண்டாக்குவது அவை உள்ளே இருப்பதால்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதற்கும், இப்போது பலர் இடைவெளியைக் கூட்டுவதற்கும் அடிப்படை இது. வெளியே போன உறுப்புகளைச் செல் திரும்பக் கட்டி முடிக்க நேரம் வேண்டும். அதைக் கொடுக்காமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும்.

என் அப்பா குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறினால் பால் குறையும் என்பது அவருக்குத் தெரியும். காரணம் செல்லுக்குள் இருக்கும் நீர் அழுத்தம். இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை, குழாய்கள் விம்மி நிற்கின்றன. பகலில் இலை வழியே நீர் போகப் போக அழுத்தம் இறங்குகிறது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும் என்பதிலும் அவர் கறாராக இருந்தார். பால் குழாய்கள் நேர்க்குத்தாக நிற்காமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். அப்பா பள்ளிப்படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். கேம்பியத்தைத் தொடாமல், அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தியை நிறுத்தத் தெரிந்தவர். நுண்ணோக்கியில் கேம்பியத்தைப் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியும்?

வேளிமலை
21 மே 2024, காலை 6.20

இரவு எழுதியதில் லுட்டாய்டை அப்படியே விட்டுவிட முடியாது. வெட்டிய சில மணி நேரத்தில் பால் தானாக நிற்கிறதே, அது இந்தப் பைகளின் வேலை. வெட்டு வாயில் அழுத்தம் சட்டென இறங்கும்போது லுட்டாய்டுகள் உடைகின்றன. உள்ளே இருப்பது வெளியே கலந்து ரப்பர் துகள்களைத் திரள வைக்கிறது, குழாயின் வாய் அடைபடுகிறது. வெட்டுச் சாலில் நீங்கள் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் அந்த அடைப்பின் வெளி நீட்சி. எத்திபோன் என்ற பால் தூண்டும் மருந்தைப் பூசினால் பால் அதிக நேரம் ஓடுவது இந்த அடைப்பு தாமதமாவதால்.

டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். கழிவுக்கு இவ்வளவு காவல் எந்த மரமும் வைக்காது. பட்டையைக் குடையும் பூச்சியின் வாயில் அந்தப் பால் என்ன செய்யும் என்று அவரே யோசிக்கட்டும்.

திற்பரப்பு மாணவி
21 மே 2024, மாலை 4.00

இரண்டிலும் ஒரே சைட்டோபிளாசத்தில் பல உட்கருக்கள். அப்படியென்றால் தேங்காயும் ரப்பரும் ஒரே மாதிரியா?

வேளிமலை
21 மே 2024, இரவு 9.00

முடிவு ஒன்று, வந்த வழி வேறு. தேங்காயில் சுவர் எழவே இல்லை. ரப்பரில் எழுந்த சுவர் கரைந்தது. உன் கையைத் தூக்கும் எலும்புத் தசை மூன்றாவது வழி. அங்கே தனித்தனிச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட தசை நாராகின்றன, ஒரே நாரில் எண்ணற்ற உட்கருக்கள். ‘பல உட்கரு கொண்டது’ என்று ஒரே தலைப்பில் மூன்றையும் போட்டு மனப்பாடம் செய்யாதே. எப்படி உண்டானது என்று கேள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நம் இரத்தச் சிவப்பணு முதிரும்போது உட்கருவையே வெளியேற்றிவிடுகிறது, மைட்டோகாண்டிரியாவையும் இழக்கிறது. சுமார் 120 நாள் ஓடி உழைத்துவிட்டு அழிகிறது. உட்கரு இல்லாததால் அது பிரிய முடியாது. எலும்பு மஜ்ஜையில் பிரியும் செல்கள்தான் அதற்கு ஈடு தர வேண்டும்.

வாழைத்தார்
23 மே 2024, மதியம் 1.15

ஏத்தன் (நேந்திரன்) வாழையில் விதை இல்லாததும் செல் பிரிவு சம்பந்தப்பட்டதுதானே? மும்மடியம் என்பதால் விதை வராது. அவ்வளவுதான் விஷயம்.

வேளிமலை
23 மே 2024, இரவு 8.40

பாதி சரி. ஏத்தனில் 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதி மூன்று, மொத்தம் 33. உடல் செல் பிரியும்போது இதனால் தொல்லை இல்லை. 33-உம் இரட்டிக்கும், இரு பக்கமும் 33 போகும். பக்கக்கன்று முளைப்பது அப்படித்தான். பூவில் இனச்செல்லை உண்டாக்கும் மியாசிஸ் பிரிவு நடக்கும்போதுதான் சிக்கல். ஒத்த குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணைந்து பிரிய வேண்டிய இடத்தில் மூன்று நிற்கின்றன. பங்கீடு தாறுமாறாகிறது, இனச்செல்கள் பெரும்பாலும் உருப்படுவதில்லை.

‘அவ்வளவுதான் விஷயம்’ என்பதை மட்டும் ஏற்க முடியாது. நம் மட்டிப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்தின் மட்டி. அது மும்மடியம் இல்லை, இருமடியம், 22 குரோமோசோம்கள். இருந்தும் உரித்தால் விதை இல்லை. ஏனென்றால் வாழைக் காய் பருக்கக் கருவுறுதலே தேவையில்லை. கருவுறாக் கனியாக வளரும் குணம் அதற்குத் தனியாக இருக்கிறது, அதோடு பெண்மலட்டுத் தன்மையும் சேர்ந்திருக்கிறது. மும்மடியம் விதையைத் தடுக்கும், உண்மை. ஆனால் விதை இல்லாமலேயே சதை வளர வேண்டுமே, அதற்கு இந்தக் குணம் வேண்டும். இது இல்லாவிட்டால் விதையோடு பழமும் இல்லாமல் போயிருக்கும்.

ஓணத்துக்கு ஏத்தன் விலை ஏறும்போது தோட்டக்காரர்கள் திசு வளர்ப்புக் கன்றுகளைத் தேடுகிறார்கள். அவையும் முழுக்க மைட்டாசிஸின், அதாவது உடல் செல் பிரிவின் பிள்ளைகள். நம் தோட்டங்களில் நிற்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரக ரப்பர் மரங்களும் அப்படியே. ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே மரத்தின் நகல்கள். ஒரு நோய்க்கு ஒன்று பணிந்தால் எல்லாம் பணியும் அபாயம் இந்த ஒற்றுமையில் இருக்கிறது. வாழையின் வாடல் நோயை நினைத்து நான் கவலைப்படுவது இதனால்தான்.

வேளிமலை
23 மே 2024, இரவு 9.10

திசு வளர்ப்பு என்றதும் இளநீர் திரும்பி வருகிறது. 1941-இல் ஊமத்தையின் இளங்கருவைத் தனியே வளர்க்க வான் ஓவர்பீக் தேங்காய் நீரைச் சேர்த்தார், கரு வளர்ந்தது. 1958-இல் ஸ்டீவர்டு கேரட்டின் திசுச் செல்களைத் தேங்காய் நீர் கலந்த ஊடகத்தில் வளர்த்து முழுச் செடி வரை கொண்டுவந்தார். செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின்கள் அந்த நீரில் இருக்கின்றன. தன் கருவை வளர்க்கச் சேர்த்து வைத்த நீர் அது என்று நினைத்தால் இதில் வியப்பு குறையும், மதிப்பு கூடும்.

பேச்சிப்பாறைக்காரன்
25 மே 2024, காலை 9.30

கேம்பியம் என்றீர்களே, தென்னைக்கு அது உண்டா? ஏறுவதற்காக மரத்தில் வெட்டிய படி எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது, மூடவே இல்லை.

வேளிமலை
25 மே 2024, இரவு 9.25

இல்லை. இதைவிடத் தெளிவான சான்றை எந்த ஆய்வகமும் தர முடியாது. ரப்பரில் சீவிய பட்டை சில ஆண்டுகளில் புதிதாக வளர்ந்து மறுபடி வெட்டுக்குத் தயாராகிறது, கேம்பியம் பிரிந்துகொண்டே இருப்பதால். தென்னை, பனை, கமுகு மூன்றுக்கும் அந்த அடுக்கு கிடையாது. படி வெட்டிய இடத்தில் மூடுவதற்குப் புதிய செல் தருவார் இல்லை. தண்டின் பருமனும் இளமையிலேயே முடிவாகிவிடுகிறது.

தென்னையின் உயரத்துக்கும் ஓலைக்கும் பாளைக்கும் செல் தருவது உச்சியில் இருக்கும் ஒரே குருத்து. காண்டாமிருக வண்டு அதைத் துளைத்துக் குலைத்தாலோ குருத்தழுகல் பிடித்து அழுகிவிட்டாலோ மரமே போய்விடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் தென்னையும் சேர்ந்து முறிந்தன. முறிந்த ரப்பர்க் கட்டைகள் சிலவற்றில் உறங்கும் மொட்டுகளிலிருந்து துளிர் வந்தது. தலை ஒடிந்த தென்னை எதுவும் துளிர்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற மரத்தை அம்மா வெட்டவிடாமல் ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார். பாடம் நடத்துகிற நான் அவரிடம் அதைச் சொல்லத் துணியவில்லை.

கடியப்பட்டணம்
26 மே 2024, மாலை 6.10

அக்கா, கடலில் இப்படி ஏதாவது உண்டா?

வேளிமலை
26 மே 2024, இரவு 7.30

உண்டு தம்பி. பாறைக் கடற்கரையில் பச்சைப் பாசிகளுக்கு நடுவே காலர்ப்பா கிடைக்கும். சில வகைகளில் சிறு மணிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். படரும் தண்டு, இலை போன்ற பகுதி, வேர் போன்ற பிடிப்பு எல்லாம் இருக்கின்றன, உள்ளே குறுக்குச் சுவர் ஒன்றுகூட இல்லை. முழுவதும் ஒரே செல், எண்ணற்ற உட்கருக்கள். கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கடலில் கொட்டிவிட வேண்டியதுதானே? கொட்டுவதில்லை. சில நிமிடங்களில் அடைப்பு உண்டாகிவிடுகிறது. ரப்பரின் லுட்டாய்டை நினைத்துக்கொள். சுவர்களைக் கைவிட்ட செல்கள் காயத்தை அடைக்கத் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன.

திற்பரப்பு மாணவி
28 மே 2024, காலை 10.00

டீச்சர், எனக்கு நேரில் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு பள்ளியில் நுண்ணோக்கி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதைத் தயார் செய்வது?

வேளிமலை
28 மே 2024, இரவு 10.15

முதலில் வெங்காய வேர். முறையாக நடக்கும் பிரிவைப் பார்த்த கண்ணுக்குத்தான் தேங்காயின் விலகல் புரியும்.

சிறிய வெங்காயம் போதும், இதிலும் 16 குரோமோசோம்கள்தான். பழைய வேரைச் சீவிவிட்டு, அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடும்படி கண்ணாடிக் குப்பியின் வாயில் உட்கார வை. புது வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் காலையில் நுனியை வெட்டு. மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்ததில் ஒரு நாள் வைத்தால் செல்கள் இருந்த நிலையிலேயே நிற்கும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மிதமாகச் சூடாக்கு. இது செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசையைத் தளர்த்துகிறது. அமிலத்தை ஆசிரியர்தான் கையாள வேண்டும், நீ இல்லை. அசிட்டோகார்மைன் சாயம் ஒரு துளி, மேலே கண்ணாடி வில்லை, பென்சிலின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டல், வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக ஓர் அழுத்தம். பக்கவாட்டில் நகர்த்தினால் செல்கள் உருண்டு பாழாகும்.

பிள்ளைகள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நுனியை விட்டுவிட்டுச் சற்று மேலே உள்ள பகுதியைப் பார்ப்பார்கள். அங்கே செல்கள் நீண்டு அழகாக இருக்கும், ஒன்றும் பிரியாது. பிரிவது நுனியை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில். அங்கேயும் பெரும்பாலான செல்கள் பிரியத் தொடங்காத இடைநிலையில்தான் இருக்கும். பொறுமையாகத் தேடு. நடுவரிசையில் குரோமோசோம்கள் நிற்கும் செல்லைக் கண்டால் நிறுத்தாதே. இரண்டு உட்கருக்களுக்கு நடுவே மெல்லிய கோடு போன்ற செல் தட்டு தெரியும் செல்லைக் கண்டுபிடி. அந்தக் கோடு வராமலே போனதுதான் குரும்பை.

வரையும்போது வெங்காயச் செல்லில் சென்ட்ரியோல் போடாதே. விலங்குச் செல்லின் படத்தைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். பூக்கும் தாவரங்களில் அது கிடையாது, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கள் அது இல்லாமலே உருவாகின்றன.

வாழைத்தார்
29 மே 2024, காலை 8.00

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், நாம் படிக்கிறோம்.

வேளிமலை
29 மே 2024, இரவு 8.50

ஹூக் 1665-இல் தக்கையில் கண்டது வெற்று அறைகள். பிரவுன் 1831-இல் ஆர்க்கிட் செல்களில் உட்கருவைச் சுட்டிக்காட்டினார். குரோமோசோம்கள் பிரிவதை விரிவாக எழுதி ஃபிளெமிங் 1882-இல் வெளியிட்டார். எல்லாம் உண்மை.

தலசேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் படித்தவர், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெரிய நூலை டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் வெளியிட்டார். வாழைக்கு 33 என்று நாம் இங்கே எளிதாக எழுதுகிறோமே, அப்படிப்பட்ட எண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நுண்ணோக்கியில் குனிந்திருந்த ஒருவர் இருக்கிறார். மனிதனுக்கு 46 என்பதே 1956-இல்தான் உறுதியாக அச்சில் வந்தது. அதுவரை 48 என்றே பாடம் நடத்தினார்கள்.

திற்பரப்பு மாணவி
2 ஜூன் 2024, மாலை 5.20

செல் தட்டு பார்த்துவிட்டேன்! அடுத்து குரும்பை. இன்னொரு சந்தேகம்: தேங்காய் இப்படி இருக்கும்போது, எல்லாம் செல்களால் ஆனவை என்று தேர்வில் எழுதலாமா?

வேளிமலை
2 ஜூன் 2024, இரவு 9.05

எழுது. தேங்காய் செல் கொள்கையை உடைக்கவில்லை. அந்த நீரும் ஒரு செல்லில் தொடங்கியது, முடிவில் செல்களாகவே ஆகிறது. நடுவில் சுவரின்றிப் பெருகிய காலம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். ‘ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு’ என்பதை மட்டும் விதியாக எழுதாதே. அதைப் பெரும்பான்மை வழக்கம் என்று எழுது. ஓர் எடுத்துக்காட்டு கேட்டால் ரப்பரின் பால் குழாயை எழுது, நம் ஊர்ப்பிள்ளை எழுத வேண்டிய விடை அது.

குரும்பைக்கு அமிலச் சூடு தேவையில்லை, தளர்த்துவதற்கு அங்கே திசு இல்லை. உன் கைச்சாண் அளவில் பாதி நீளம் உள்ள காயாகப் பறிக்கச் சொல். நீரைச் சிறு குழாயில் எடுத்துச் சற்று நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்குவதிலிருந்து ஒரு துளியை எடு. அசிட்டோகார்மைன் சேர்த்து ஐந்து நிமிடம் விடு. குறைந்த பெரிதாக்கத்தில் தொடங்கு. சிவப்பாகத் தெரிபவை ஒரே அளவில் இருக்காது, மிகப் பெரியவையும் வரும், அதைக் கண்டு சாயம் கெட்டது என்று எறிந்துவிடாதே. பறித்த அன்றே பார்த்துவிடு.